625001-ஐ திருப்பிப் போடறது எப்படி: கேரக்டர் அரே ரிவர்ஸ்

ப்ரோக்ராமிங் கத்துக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல இந்த எக்ஸர்சைஸ் கண்டிப்பா வந்து நிக்கும். ஒரு கேரக்டர் அரே, அதாவது பெட்டிக்கு ஒரு எழுத்துன்னு வரிசையா வச்சது, குடுத்திருப்பாங்க, அத ரிவர்ஸ் பண்ணணும், இன்னொரு அரே வச்சுக்கக்கூடாது, இருக்கற இடத்துலயே பண்ணணும். கோடிங் ப்ராக்டிஸ் சைட் லீட்கோட்ல 344வது ப்ராப்ளமும் இதே தான், பக்கத்துல ஈஸின்னு போட்டிருக்கும். ஈஸி தான், ஆனா முதல் தடவையே தப்பில்லாம போட்டவங்கள நான் அதிகம் பாத்ததில்ல, நானும் போடல, போன வாரம் அக்கா பையன் லேப்டாப்ப தூக்கிட்டு வந்து "மாமா, ரன் ஆகுது ஆனா ஒண்ணுமே நடக்கல"ன்னு காட்டினப்போ எனக்கு என் லேப் எக்ஸாம் தான் ஞாபகம் வந்துச்சு. அவனுக்கு உக்காந்து சொன்னத அப்படியே எழுதறேன்.

முதல்ல லேப்டாப்ப மூடிட்டு ஒரு பேப்பர் எடுங்க. ஆறு பெட்டி வரைஞ்சு மதுரை பின்கோடு 625001-ஐ ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு இலக்கம்னு போடுங்க. பின்கோடு எதுக்குன்னா சின்னது, எல்லாருக்கும் தெரிஞ்சது, நடுவுல ரெண்டு ஜீரோ இருக்கு, அந்த ஜீரோவால பின்னாடி ஒரு வேல இருக்கு.

பெட்டி நம்பர்: 0 1 2 3 4 5
உள்ள இருக்கறது: 6 2 5 0 0 1

பெட்டி நம்பர் 0-ல ஆரம்பிக்குதுங்கறத மறக்காதீங்க, ஆறு பெட்டி இருந்தா கடைசி பெட்டி 5. இப்ப இடது கை ஆள்காட்டி விரல 0 மேல வைங்க, வலது கை விரல 5 மேல வைங்க. ரெண்டு விரலுக்கும் கீழ இருக்கறத மாத்திப் போடுங்க. அப்புறம் ரெண்டு விரலும் ஆளுக்கு ஒரு பெட்டி உள்ள வரணும், மறுபடி மாத்தணும், விரல் ரெண்டும் ஒண்ண ஒண்ணு தாண்டினா நிறுத்திடணும். அவ்ளோ தான் மொத்த அல்காரிதமும்.

ஆரம்பத்துல: 6 2 5 0 0 1
0-மும் 5-ம் மாத்தினதும்: 1 2 5 0 0 6
1-ம் 4-ம் மாத்தினதும்: 1 0 5 0 2 6
2-ம் 3-ம் மாத்தினதும்: 1 0 0 5 2 6

அடுத்து இடது விரல் 3-க்கு போகும், வலது விரல் 2-க்கு வரும், தாண்டியாச்சு, முடிஞ்சது. ஆறு பெட்டிக்கு மூணே மாத்தல். ஏழு பெட்டி இருந்தாலும் மூணு தான், ஏன்னா நடுப் பெட்டி தனக்குத் தானே ஜோடி, அத தொடவே வேண்டாம்.

இத கோடா எழுதினா இப்படி வரும். கீவேர்ட தமிழ்லயே போட்டிருக்கேன், அ-ங்கறது நம்ம அரே, உங்க லாங்குவேஜ்ல வைல் லூப்போ ஃபார் லூப்போ எது வசதியோ அதுல எழுதிக்கோங்க.

இடது = 0
வலது = நீளம் - 1
இடது < வலது இருக்கற வரைக்கும்:
    கைல = அ[இடது]
    அ[இடது] = அ[வலது]
    அ[வலது] = கைல
    இடது = இடது + 1
    வலது = வலது - 1

அந்த "கைல"ங்கற வேரியபிள் ஏன்னு நிறைய பேர் கேப்பாங்க. வீட்டுல ஒரு டப்பால உளுந்து இன்னொரு டப்பால பச்சரிசி இருக்கு, ரெண்டையும் டப்பா மாத்தணும்னா முதல்ல ஒண்ண முறத்துல கொட்டித்தான ஆகணும், நேரா கொட்டினா கலந்துடும். கம்ப்யூட்டர்ல கலக்காது, அதவிட மோசம், பழசு காணாமலே போயிடும். கைல இல்லாம நேரா அ[இடது] = அ[வலது], அ[வலது] = அ[இடது]ன்னு எழுதினா முதல் வரிலயே 6 போச்சு, ரெண்டு பக்கமும் 1 தான் இருக்கும். கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்தா 100526 வரவேண்டிய இடத்துல 100001 வரும். அவுட்புட் இப்படி கண்ணாடில பாத்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா வேற எங்கயும் தேட வேண்டாம், ஸ்வாப்ல தான் கோளாறு.

அக்கா பையன் பண்ணது வேற தப்பு. அவன் ஃபார் லூப்ப 0-லருந்து 5 வரைக்கும் முழுசா ஓட்டி, ஒவ்வொரு பெட்டியையும் எதிர் பெட்டியோட மாத்தியிருந்தான். முதல் மூணு சுத்துல அழகா 100526 ஆயிடுச்சு, அடுத்த மூணு சுத்துல அதே ஜோடிகள மறுபடி மாத்தி 625001-க்கே கொண்டு வந்து விட்டுடுச்சு. ஒண்ணுமே நடக்கலன்னு சொன்னான் பாருங்க, உண்மைல ரெண்டு தடவ நடந்திருக்கு. லூப்புக்குள்ள ஒரு பிரிண்ட் போட்டு ஒவ்வொரு சுத்துலயும் மொத்த அரேவையும் காட்டச் சொன்னேன், தானாவே பாத்து "ச்சே"ன்னான். நீளம் / 2 வரைக்கும் ஓட்டினா போதும், ஆனா எனக்கு ரெண்டு விரல் முறை தான் பிடிக்கும், எங்க நிறுத்தணும்னு மனசுல கணக்கு போட வேண்டியதில்ல.

கைல வேரியபிள் இல்லாம எக்ஸார் (ரெண்டு மதிப்பையும் பிட் பிட்டா ஒப்பிட்டு, ஒண்ணா இருந்தா 0, வேறயா இருந்தா 1 போடற கணக்கு) வச்சு ஸ்வாப் பண்ற வித்தைய யாராவது காட்டுவாங்க, மெமரி மிச்சம்னு சொல்லுவாங்க. மிச்சமாகறது ஒரே ஒரு பைட், அதுக்காக ஒரு வம்ப விலைக்கு வாங்காதீங்க. கண்டிஷன்ல < போடற இடத்துல தெரியாம <= போட்டுட்டீங்கன்னு வைங்க, நடுப் பெட்டி தன்னோடயே எக்ஸார் ஆகி ஜீரோ ஆயிடும், எழுத்து காணாம போயிடும். சாதாரண ஸ்வாப்ல அதே தப்பு பண்ணினாலும் ஒண்ணும் கெடாது.

சி-ல எழுதறவங்களுக்கு

இங்க தான் நான் லேப் எக்ஸாம்ல மாட்டினேன். ப்ரோக்ராம் கம்பைல் ஆச்சு, ரன் ஆச்சு, எரர் இல்ல, வார்னிங் இல்ல, ஸ்க்ரீன்ல ஒரு எழுத்து கூட வரல. எக்ஸ்டர்னல் பின்னாடி வந்து நின்னு "அவுட்புட் எங்கப்பா"ன்னு கேட்டாரு, எனக்கே தெரியாது. சி-ல 625001-ஐ ஸ்ட்ரிங்கா வச்சா ஆறு பெட்டி இல்ல, ஏழு பெட்டி. கடைசில '\0'ன்னு ஒரு முடிவுக்குறி உக்காந்திருக்கும், பிரிண்ட் பண்றப்போ அது வர்ற வரைக்கும் தான் காட்டும். நான் வலது = நீளம் - 1ன்னு போடாம வலது = நீளம்னு போட்டிருந்தேன், அதனால முதல் மாத்தல்லயே முடிவுக்குறி 0வது பெட்டிக்கு வந்துடுச்சு, மீதி எல்லாம் சரியா திரும்பி உள்ளேயே இருக்கு ஆனா பிரிண்ட் முதல் பெட்டியிலேயே "முடிஞ்சுது"ன்னு நின்னுடுச்சு. அந்த ஒரு மைனஸ் ஒண்ணு.

இப்ப அந்த ஜீரோ விஷயத்துக்கு வர்றேன். பின்கோடுல இருக்கற '0' வேற, முடிவுக்குறி '\0' வேற. '0'-ங்கறது ஒரு எழுத்து, எழுத்துக்கு நம்பர் குடுக்கற ஆஸ்கி அட்டவணைல அதோட மதிப்பு 48. முடிவுக்குறியோட மதிப்பு தான் நிஜமான 0. கேரக்டர் அரேல சிங்கிள் கோட் போடாம வெறும் 0ன்னு எழுதி நிரப்பினீங்கன்னா 625001 "625"ன்னு நின்னுடும்.

பின்கோட ஏன் கேரக்டரா வைக்கணும், நம்பராவே வச்சு பத்தால வகுத்து வகுத்து திருப்பலாமேன்னா, திருப்பலாம், சென்னை கீழ்ப்பாக்கம் 600010 மாதிரி ஜீரோல முடியற கோடு வர்ற வரைக்கும். அத நம்பரா திருப்பினா 10006 தான் கிடைக்கும், முன்னாடி வர்ற ஜீரோவ நம்பர் வச்சுக்காது. கேரக்டரா திருப்பினா 010006ன்னு ஆறும் முழுசா இருக்கும்.

சி-ல இன்னும் சில குழி இருக்கு, சீக்கிரமா சொல்லிடறேன். நீளத்துக்கு சைஸ்ஆஃப் போடாதீங்க, அரேவ ஃபங்ஷனுக்கு அனுப்பினதும் அது வெறும் பாயிண்டர், அதாவது மெமரி அட்ரஸ் ஆயிடும், 64 பிட் மெஷின்ல எந்த ஸ்ட்ரிங்க அனுப்பினாலும் 8ன்னு தான் சொல்லும், ஸ்ட்ரிங்லென் (strlen) போடுங்க. ஆனா அந்த ஸ்ட்ரிங்லென் திருப்பித் தர்றது அன்சைன்ட் நம்பர், அதுல மைனஸே கிடையாது, காலி ஸ்ட்ரிங் வந்தா 0 - 1 பண்றப்போ -1 வராது, 64 பிட்ல 18446744073709551615 வரும், வலது விரல் அங்க போய் நிக்கும், ப்ரோக்ராம் விழுந்துடும். அதனால இடது வலது ரெண்டையும் சாதாரண இன்ட்டா வச்சுக்கோங்க, இல்லன்னா நீளம் 2-க்கு கம்மியா இருந்தா ஆரம்பத்துலயே ரிட்டர்ன் பண்ணிடுங்க. எஃப்கெட்ஸ் வச்சு இன்புட் வாங்கினா நீங்க அடிச்ச என்டரும் ஒரு எழுத்தா உள்ள வந்துடும், ரிவர்ஸ் பண்ணினா அது முன்னாடி வந்து அவுட்புட் ஒரு காலி வரியோட ஆரம்பிக்கும், அத முதல்லயே வெட்டிடுங்க. அதுக்காக பழைய கெட்ஸுக்கு போயிடாதீங்க, 2011 ஸ்டாண்டர்ட்லயே அத தூக்கிட்டாங்க.

அப்புறம் ஒண்ணு. ஸ்டார் போட்டு பாயிண்டரா டிக்ளேர் பண்ணி டபுள் கோட்ல ஒரு ஸ்ட்ரிங்க நேரா அதுக்கு குடுத்தா அத மாத்த உரிமை கிடையாது, பெரும்பாலும் ரீட் ஒன்லி மெமரில இருக்கும், ரிவர்ஸ் பண்ணப் போனா செக்மென்டேஷன் ஃபால்ட் தான். சதுர அடைப்பு போட்டு அரேவா டிக்ளேர் பண்ணுங்க, அப்ப உங்களுக்குன்னு ஒரு காப்பி கிடைக்கும். டர்போ சி-ல அந்த நீல ஸ்க்ரீன்ல படிச்ச சீனியர் யாராவது "எதுக்குடா இவ்ளோ, ஸ்ட்ரிங்ரெவ்னு (strrev) ஃபங்ஷனே இருக்கே"ன்னு சொல்லுவாங்க, டர்போ சி-ல இருந்துச்சு, ஆனா அது சி ஸ்டாண்டர்ட்ல கிடையாது, லினக்ஸ்ல ஜிசிசி கம்பைலர்ல போட்டா அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லன்னு திட்டும்.

பைத்தான், ஜாவா

பைத்தான்ல கைல வேரியபிள் வேண்டாம், ஒரே வரில மாத்திடலாம். பைத்தான் 3-ல வேரியபிள் பேர தமிழ்லயே வைக்கலாங்கறதால கீழ இருக்கற வரி அப்படியே ஓடும்:

அ[இடது], அ[வலது] = அ[வலது], அ[இடது]

ஆனா அ-ங்கறது லிஸ்ட்டா இருக்கணும், ஸ்ட்ரிங்கா இருந்தா எரர் அடிக்கும், பைத்தான் ஸ்ட்ரிங்க உள்ள புகுந்து மாத்த முடியாது. அ[::-1]ன்னு போட்டா மூணு வினாடில வேல முடியும், வேலைக்கு போன இடத்துல அத தான் போடுவீங்க, ஆனா அது புதுசா ஒரு காப்பி எடுக்குது, எக்ஸர்சைஸ்ல இருக்கற இடத்துலயே பண்ணச் சொன்னா செல்லாது. லிஸ்ட்டோட ரிவர்ஸ் மெத்தட் இருக்கற இடத்துலயே திருப்பும், ஆனா எதையும் திருப்பித் தராது, புது = அ.ரிவர்ஸ்()ங்கற மாதிரி எழுதிட்டு புதுவ பிரிண்ட் பண்ணி நன்-னு வந்ததும் தலைய சொறிஞ்சவங்க நிறைய பேர். ஜாவால ஸ்ட்ரிங் மாறாது, கேரக்டர் அரேவா எடுத்துக்கிட்டு தான் திருப்பணும், திருப்பின அரேவ பிளஸ் போட்டு இன்னொரு ஸ்ட்ரிங்கோட ஒட்டி பிரிண்ட் பண்ணாதீங்க, [சி@ன்னு ஆரம்பிச்சு ஏதோ குப்ப வரும், அரேவ மறுபடி ஸ்ட்ரிங்கா மாத்திட்டு பிரிண்ட் பண்ணுங்க.

டெஸ்ட் பண்றப்போ காலி, ஒரு எழுத்து, ரெண்டு எழுத்து, ஒத்தப்படை, இரட்டப்படைன்னு அஞ்சு இன்புட்டும் குடுத்துப் பாருங்க. 1221 மாதிரி எப்படித் திருப்பினாலும் ஒண்ணா இருக்கறத குடுத்து பாஸ் ஆயிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க.

தமிழ் குடுத்தா என்ன ஆகும்

இது வரைக்கும் இலக்கத்த வச்சே ஓட்டினேன், அதுக்கு காரணம் இருக்கு. அக்கா பையன் ப்ரோக்ராம் ஓட ஆரம்பிச்சதும் ஆசையா பைத்தான்ல "தமிழ்"னு குடுத்தான். வந்தது "ழிமத", அதுக்கும் முன்னாடி புள்ளி வச்ச ஒரு வட்டம் அநாதையா நின்னுச்சு. "ழ்மித"ன்னு தான வரணும்? கோடுல தப்பே இல்ல. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தான் நாம தப்பா நினைச்சிருக்கோம்.

நமக்கு தமிழ்-ங்கறது த, மி, ழ்னு மூணு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற யூனிகோட்ல அது அஞ்சு குறி: த, ம, இகரச் சுழி, ழ, புள்ளி. எண்ணா பாத்தா 2980, 2990, 3007, 2996, 3021. அஞ்சையும் திருப்பினா புள்ளி முதல்ல வந்து ஒட்டறதுக்கு ஆளில்லாம நிக்கும், ம-வோட சுழி போய் ழ-ல ஒட்டி ழி ஆயிடும். விகடகவிய குடுத்துப் பாருங்க, எந்தப் பக்கம் படிச்சாலும் விகடகவின்னு சின்ன வயசுலருந்து சொல்லிக் குடுத்திருக்காங்க, நம்ம ப்ரோக்ராம் அதையும் "வகடகிவ" ஆக்கிட்டு முன்னாடி ஒரு சுழிய தனியா தொங்க விட்டுடும். மாலைமாற்றுன்னு இதுக்கு ஒரு செய்யுள் வகையே வச்சிருக்கற மொழி நம்மளது, அதுல விகடகவி ஃபெயில் ஆனா எப்படி.

சரி பண்றது கஷ்டமில்ல. திருப்பறதுக்கு முன்னாடி குறிகள எழுத்தா சேத்துக்கணும்.

எழுத்துகள் = காலி லிஸ்ட்
ஒவ்வொரு குறியா எடுத்து:
    அது கால், கொம்பு, சுழி, புள்ளின்னா: லிஸ்ட்ல கடைசியா இருக்கற எழுத்தோட ஒட்டு
    இல்லன்னா: புது எழுத்தா லிஸ்ட்ல சேரு
அந்த லிஸ்ட்ட ரெண்டு விரல் வச்சு திருப்பு

ஒட்டற குறியா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, தமிழுக்கு அந்தக் குறிகள் எல்லாம் 3006-லருந்து 3021-க்குள்ள இருக்கு, ஔகாரத்துக்கான ஒரு குறி மட்டும் தள்ளி 3031-ல இருக்கு. கொ மாதிரி எழுத்துல ஒரு தொல்லை உண்டு, அத க-வோட ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியாவும் எழுதலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணா தான் தெரியும். ஆனா ரெண்டுமே இந்த ரேஞ்சுக்குள்ள வர்றதால மேல இருக்கற முறைல எப்படி இருந்தாலும் க-வோட ஒட்டிக்கும். பைத்தான்ல சொந்தமா எழுத வேண்டாம்னா ஓபன் தமிழ்னு ஒரு லைப்ரரி இருக்கு, எழுத்தா பிரிச்சுக் குடுக்கும். ஒரு தடவயாவது கையால எழுதிட்டு அதுக்கு போங்க.

"தேரு வருதே", "மோரு போருமோ" குடுக்கறதா இருந்தா இடைவெளிய எடுத்துட்டு குடுங்க. அதுவும் ஒரு எழுத்து தான், "தேருவ ருதே"ன்னு திரும்பி வரும், பாலின்ட்ரோம் (ரெண்டு பக்கமும் ஒண்ணா படிக்கறது) இல்லன்னு ப்ரோக்ராம் சாதிக்கும்.

சி-ல தமிழ் குடுத்தா இன்னும் கந்தல். யூனிகோட் நம்பர பைட்டா எழுதற யூடிஎஃப்-8-ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட், அப்ப "தமிழ்" மொத்தம் 15 பைட். த-ங்கறது 224 174 164. சி-ல ஒரு பெட்டிக்கு ஒரு பைட் தான், திருப்பினா 164 174 224 ஆயிடும், அது எந்த எழுத்தும் இல்ல, ஸ்க்ரீன்ல கேள்விக்குறியும் கட்டமுமா வரும். இதுக்கு தனியா மெமரி வாங்காம, இருக்கற இடத்துலயே பண்ற ஒரு வழி இருக்கு, எனக்கு இந்த எக்ஸர்சைஸ்லயே ரொம்பப் பிடிச்சது அது தான்.

முதல்ல பின்கோடுல பாருங்க. 625001-ல முன் பாதி 625, பின் பாதி 001. பாதிக்குள்ள இருக்கற வரிசை மாறாம, பாதிங்க மட்டும் இடம் மாறி 001625ன்னு வரணும்னு வைங்க. ஒவ்வொரு பாதியையும் தனித்தனியா திருப்புங்க, 526 100 ஆகும். இப்ப மொத்தத்தையும் சேத்துத் திருப்புங்க, 001625. உள்ள ரெண்டு தடவ திரும்பினதால நேராயிடுச்சு, வெளிய ஒரு தடவ தான் திரும்பியிருக்கு. அக்கா பையனுக்கு பிழையா இருந்த அந்த டபுள் ரிவர்ஸ் இங்க வேலைக்கு ஆகுது.

தமிழுக்கும் இதே தான். ரிவர்ஸ் ஃபங்ஷன, எங்கருந்து எங்க வரைக்கும்னு ரெண்டு நம்பர் வாங்கற மாதிரி எழுதிக்கோங்க. த-வோட 3 பைட்ட திருப்புங்க, மி-யோட 6 பைட்ட திருப்புங்க, ழ்-ஓட 6 பைட்ட திருப்புங்க, கடைசியா 15 பைட்டையும் மொத்தமா திருப்புங்க, ழ்மித வந்து நிக்கும். எழுத்து எங்க முடியுதுன்னு பாக்க மூணு மூணு பைட்டா போங்க: 224-க்கு அப்புறம் 174 வந்து மூணாவது 190 அல்லது 191-ஆ இருந்தா, இல்லன்னா 175 வந்து மூணாவது 128-லருந்து 141-க்குள்ள அல்லது 151-ஆ இருந்தா, அது ஒட்டற குறி, முந்தின எழுத்தோடயே வச்சுக்கோங்க. அரேவ அன்சைன்ட் கேரக்டரா டிக்ளேர் பண்ணுங்க, நம்ம வழக்கமான லேப்டாப்ல வெறும் கேரக்டர் சைன்ட் தான், 224-ஐ -32ன்னு படிச்சுட்டு எந்த இஃப்-லயும் மாட்டாம போயிடும். இந்த மூணு மூணு கணக்கு முழுக்க தமிழா இருக்கற ஸ்ட்ரிங்குக்கு தான், நடுவுல இலக்கமோ இடைவெளியோ வந்தா அது ஒரே பைட், 128-க்கு கம்மியா இருக்கும், அத பாத்து ஒரு அடி மட்டும் நகரணும்.

விகடகவி குடுத்து விகடகவியே வந்தா சரியா போட்டிருக்கீங்க. அதுக்கப்புறம் பக்ஷி குடுத்துப் பாருங்க, "ஷிக்ப"ன்னு வரும், ஏன்னா க்ஷ-ங்கறது யூனிகோட்ல க, புள்ளி, ஷ-ன்னு மூணு குறி, நம்ம முறை அத க், ஷன்னு ரெண்டா பிரிச்சிடும். "க்ஷிப"ன்னு வேணும்னா க்-குக்கு அடுத்து ஷ வந்தா சேத்துக்கோன்னு இன்னொரு இஃப் போடணும். அக்கா பையன் அத இன்னும் போடல, செமஸ்டர் முடியட்டும்னு சொல்லிட்டான்.